நாற்காலியில் உட்கார்ந்த தொப்பி

தம்பி, கோவிச்சுக்காதீங்க, ஒரு நிமிஷம். அந்தத் தொப்பிய அப்படி வைக்காதீங்க. விளிம்பு கீழ படக்கூடாது. திருப்பி, உச்சி கீழ இருக்கற மாதிரி வைங்க. ஆங், அவ்வளவுதான். உங்களுது துணித் தொப்பி, பாண்டி பீச்சுல வாங்கினது, அதுக்கு ஒண்ணும் ஆயிடாது. என் கண்ணுதான் சும்மா இருக்க மாட்டேங்குது. ஃபெல்ட் தொப்பியா இருந்தா இந்நேரம் விளிம்பு கோணியிருக்கும்.

ஃபெல்ட்டுன்னா என்னன்னு கேக்கறீங்களா? முயல் முடி தம்பி. முயல் முடிய வெந்நீரும் ஆவியும் காட்டி அமுக்கி அமுக்கிச் செய்யறது. நெய்யறது இல்ல, தைக்கறது இல்ல. வெள்ளக்காரனுங்க ஊருல ஒரு காலத்துல இது இல்லாம எவனும் வாசப்படி தாண்ட மாட்டான். அந்தத் தொப்பிங்களத்தான் நான் சேக்கறேன். பிரான்சு, இத்தாலி, ஆஸ்திரியா, செக்கு. இப்பக்கூட அதுக்குத்தான் மெட்ராஸ் போறேன். பெரம்பூர்ல ஒரு சட்டைக்கார வீட்ட, ஆங்கிலோ இந்தியன் குடும்பம், காலி பண்றாங்களாம். பழைய சாமான்காரன் வர்றதுக்குள்ள நான் போயிடணும். இந்த டிரைவர் என்னடான்னா மாட்டு வண்டி மாதிரி உருட்டறான். மரக்காணம் தாண்டிட்டோமா? இன்னும் இல்லியா? சரி போங்க.

நான் சவரிராயன். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துக்கிட்டு இருந்தேன், ரிட்டயர்டு. அந்த வேலையில ஒரு சட்டம் உண்டு. படம் எடுக்கறவன் வாயத் திறக்கக் கூடாது. எலும்பு ரெண்டா நிக்கறது முதல்ல என் கண்ணுக்குத்தான் தெரியும். வெளிய பெத்தவ கையப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பா. ‘ஐயா, என்னங்க ஐயா?’ம்பா. ‘டாக்டர் சொல்லுவாரும்மா.’ இதேதான். சர்வீஸ் பூரா இதேதான். உள்ள இருக்கறதப் பாத்துட்டு வெளிய சொல்லாம இருக்கறது எப்பேர்ப்பட்ட அவஸ்தைன்னு அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். வேலைய விட்ட அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே கண்ணுல பட்டத வாயால சொல்லிடறதுன்னு.

சொன்னேன். அதுதான் வம்பாப் போச்சு. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் பண்ணது தப்பான்னு.

கொஞ்சம் நகருங்க, இந்தப் பக்கம் வெயில் அடிக்குது. ஜன்னல் ஓரம் நீங்க வாங்க. வேணாமா? சரி.

மாட்டுக்குப் பல்லப் பாத்து வயசு சொல்றாங்கல்ல, அந்த மாதிரி தொப்பிக்கு உள்பட்டையப் பாக்கணும். உள்ள தலையச் சுத்தி ஒரு தோல் பட்டை ஓடும், வியர்வை ஃபெல்ட்டுல இறங்காம இருக்க. அத மெல்ல வெளிய மடிச்சுப் பாத்தீங்கன்னா சகலமும் தெரிஞ்சிரும். பட்டையோட ரெண்டு முனையும் பின்னால கையால தைச்சு, சின்னதா ஒரு நாடாவ முடிஞ்சிருந்தா, அது பழசு. சூடு காட்டி ஒட்டியிருந்தா, அது பின்னால வந்தது. உள் துணி பட்டா, நைலானா? கம்பெனி முத்திரைக்கு மேல பிளாஸ்டிக் போட்டிருக்கா? விளிம்பு எத்தன விரல்? ரெண்டாம் உலகச் சண்டைக்கு முந்தி நல்லா அகலமா இருக்கும், அப்பறம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கிட்டே வரும். இதையெல்லாம் சேத்துப் பாத்தா இன்ன காலம்னு சொல்லிரலாம். பாண்டி ஞாயித்துக்கெழமைச் சந்தையில எவன் கையில பழைய தொப்பி கெடைச்சாலும் எனக்குத்தான் போன் வரும். என் பொண்டாட்டி ரொசாலி சொல்லுவா, ‘வீட்டுல இருக்கறது மூணு தலை, பீரோல இருக்கறது நாப்பது தொப்பி. பாச்சா உருண்ட வாங்கியே குடும்பம் முழுகிடும்’னு. அவளுக்கு என்ன தெரியும்.

எதுவார் அண்ணனுக்குத்தான் தெரியும். எங்க தெருவுலயே நாலு வீடு தள்ளி. எழுபது தாண்டினவரு. சாயங்காலம் ஆனா வந்து உக்காந்துக்குவாரு. நான் பட்டைய மடிச்சுக் காட்டுவேன், அவரு கண்ணாடிய ஏத்திப் பாப்பாரு. பிரஷ் போட்டுத் தருவாரு. எத்தனையோ வருஷமா இப்படித்தான். ஆனா ஒண்ணு தம்பி, அவரு வீட்டுலயும் ஒரு தொப்பி இருக்கு. அத மட்டும் எனக்குக் காட்டவே மாட்டாரு.

அது அவங்க பப்பா தொப்பி. பப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தவரு. வியத்நாம் சண்டைக்குப் போனாரு, அம்பத்தொண்ணுல செத்துட்டாருன்னு தந்தி வந்துச்சு. அப்ப இவருக்கு நாலு வயசு. உடம்பு வரல. ரொம்ப வருஷம் கழிச்சு, இவருக்குப் பத்து பதினோரு வயசு இருக்கும்போது, ‘கப்பல்ல பப்பா சாமான் வந்துச்சு’ன்னு அம்மா இந்தத் தொப்பியக் கொண்டாந்து குடுத்தாங்களாம். மனுஷனோட மிச்சம்னு அந்த வீட்டுல இருக்கறது அது ஒண்ணுதான். நல்ல காரியம்னா அதுக்கு ஒரு நாற்காலி போடுவாங்க. பப்பா உக்காந்திருக்கற மாதிரி. புள்ளைங்க கோயில்ல முதல் தடவை நற்கருணை வாங்கற புது நன்மையா, நிச்சயதார்த்தமா, எல்லாரும் அந்த நாற்காலி முன்னாடி நின்னு சிலுவை போட்டுக்கணும். தொடக் கூடாது. ‘அண்ணே, ஒரு தடவை, உள்பட்டைய மட்டும்’னு நானும் கெஞ்சாத நாள் இல்ல. ‘பப்பா தலையத் திருப்பிப் பாக்கச் சொல்றியாடா?’ம்பாரு. அதுக்கு மேல என்ன பேசறது.

இப்ப கதைக்கு வர்றேன். என் பொண்ணு செலின், அவரு பையன் மர்செல், ரெண்டு பேரும் மெட்ராஸ்ல வேலை. எப்ப பேசிக்கிட்டாங்க, எங்க பழகினாங்க, ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் வந்து நின்னுதுங்க. எனக்கு சந்தோஷம் தாங்கல தம்பி. பொய் சொல்லல, பொண்ணு நல்ல எடத்துக்குப் போறாளேங்கற சந்தோஷம் ஒரு பக்கம். இனிமே நான் சம்பந்தி, தொப்பியத் தொடலாமேங்கறது இன்னொரு பக்கம்.

நிச்சயதார்த்தம் அவங்க வீட்டுல. பங்குச் சாமியார் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாரு. நாற்காலி போட்டு, வெள்ளைத் துணி விரிச்சு, தொப்பிய வச்சிருந்தாங்க. சாம்பல் நிறம், கறுப்பு ரிப்பன். பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் முன்னாடி போய் முட்டி போட்டாங்க. எதுவார் அண்ணன் என்னைப் பாத்து, கண்ணுல தண்ணியோட, ‘சவரி, நீயும் பொண்ணு வீட்டுக்குப் பெரியவன், பப்பாவ எடுத்து ரெண்டு பேரு தலையிலயும் ஒரு தடவை வச்சு எடுடா’ன்னாரு.

எடுத்தேன். எடுத்த உடனே கையே சொல்லிருச்சு. பழகின கை ஆச்சே. விளிம்பு ரெண்டு விரல்தான். என்னடா இதுன்னு விரல உள்ள விட்டேன். பட்டை முனை ஒட்டு. மடிச்சுப் பாத்தா முத்திரை மேல பிளாஸ்டிக். நைலான் துணி. நான் என்ன பண்ணட்டும்? வாய் தானா சொல்லுது: ‘அண்ணே, இது அம்பத்தேழு அம்பத்தெட்டுக்கு முந்தி செஞ்ச தொப்பியே இல்ல.’

கண்டுபிடிச்ச சந்தோஷத்துல சொன்னேன் தம்பி. வேற ஒரு நெனப்பும் இல்ல. கேசரித் தட்டத் தூக்கிக்கிட்டு வந்தவ வாசல்லயே நின்னுட்டா. அண்ணன் கேட்டாரு: ‘எங்க பப்பா செத்தது அம்பத்தொண்ணு. அப்ப அம்பத்தேழுல தொப்பி வாங்கினது யாருடா?’

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. ஆனா சொன்ன சொல்ல எங்க போய் அள்ளறது?

அவரு அக்கா லெயோனி, அவருக்கு ஆறு வயசு மூத்தது, கல்யாணமே பண்ணிக்காம அந்த வீட்டுலயே இருக்கற அம்மா, அது மட்டும் எழுந்து வந்து தொப்பிய என் கையிலேர்ந்து வாங்கி வச்சுட்டு, ‘எல்லாரும் சாப்பிட வாங்க’ன்னுச்சு. யாரு சாப்பிட்டா?

அன்னியிலேர்ந்து அண்ணன் வேற ஆளு. பப்பா சாகல, எங்கயோ எவ கூடவோ குடும்பம் நடத்திக்கிட்டு இருந்திருக்காரு, கடைசியில மனசு கேக்காம தொப்பிய மட்டும் அனுப்பியிருக்காருன்னு அவரே முடிவு கட்டிட்டாரு. பப்பா போட்டோவக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாராம். பாரிஸ்ல இருக்கற சொந்தக்காரங்களுக்கெல்லாம் போனப் போட்டு, பட்டாளத்து ஆபீஸ்ல விசாரிங்கன்னு நச்சரிச்சாரு. சோறு எறங்கல. ‘எங்க அம்மா அடுப்படியிலயே கெடந்து வெந்தா, அவன் தொப்பி வாங்கிப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சானா?’ன்னு அழுதாராம். கோயில்ல கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, படிச்சாச்சு. ரெண்டாவது ஓலை படிக்க வேணாம்னு சாமியார்கிட்ட சொல்லிட்டாரு. ‘எங்க அப்பன் யாருன்னு தெரியாம என் புள்ளைக்கு நான் தாலி எடுத்துத் தர மாட்டேன்.’ இதுதான் அவரு பேச்சு.

வீட்டுல என் பாடு? ரொசாலி, ‘வேலியில போற ஓணானப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டியே மனுஷா’ன்னு தலையில அடிச்சுக்கறா. செலின் போன் எடுக்கறது இல்ல. எதுவார் அண்ணன் சாயங்காலம் வர்றது இல்ல. நான் பாட்டுக்கு ஒத்தையா உக்காந்து பிரஷ் போட்டுக்கிட்டு இருப்பேன். உண்மையச் சொன்னவனுக்கு ஊரு குடுக்கற மரியாதை இதுதான்.

தண்ணி இருக்கா தம்பி? ஒரு வாய் குடுங்க. பேசினா தொண்ட காஞ்சு போகுது. பேசாட்டாலும் காஞ்சுதான் போகுது.

ஒரு மத்தியானம் லெயோனி அக்கா வந்துச்சு. வந்து உக்காரல. நின்னுக்கிட்டே சொல்லுச்சு. ‘டேய் சவரி, கப்பலும் வரல, ஒண்ணும் வரல. தந்தியோட சரி. தம்பி பள்ளிக்கூடத்துல தெனமும் அடிதடி. மத்த சொல்தா புள்ளைங்க எல்லாம் அப்பன் மெடல், அப்பன் பெல்ட்டுன்னு காட்டுதுங்க, இவன் வெறுங்கையோட வருவான். பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு படுத்துட்டான். அம்மா அப்ப ஒரு தொரை வீட்டுல சமைச்சுக்கிட்டு இருந்துச்சு. தொரை ஊருக்கே திரும்பறாரு, சாமான் எல்லாம் கட்டறாங்க. எல்லாரும் பாத்திரம் கேட்டாங்க, நாற்காலி கேட்டாங்க. அம்மா அந்தத் தொப்பியக் கேட்டு வாங்கியாந்துச்சு. போதுமா? சாகறப்ப, தம்பிகிட்ட சொல்ல மாட்டேன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்குச்சு. இப்ப அவன் பப்பாவ ஓடிப்போனவன்னு திட்டறான். என் காதால கேக்க முடியல. நீ வந்து, தெரியாம தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு.’

நான் எகிறிட்டேன். ‘அக்கா, நான் பாத்தது பாத்ததுதானே? பட்டை ஒட்டுதான், துணி நைலான்தான். வருஷம் நான் சொன்ன வருஷமே சரியா வருது, நீங்களே சொல்லிட்டீங்க. சரியாச் சொன்னத எப்படித் தப்புன்னு சொல்றது?’

ரொசாலி உள்ளேர்ந்து வந்தா. ‘உனக்குப் பட்டை பெருசா, பொண்ணு பெருசா?’ன்னா. அவ்வளவுதான்.

அன்னிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கெணத்தடிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன். எனக்குத் தெரிஞ்ச வித்தை இது ஒண்ணுதான். இதுலயும் வாய மூடுன்னா? எனக்கு அழுகையே வந்துருச்சு தம்பி, வெக்கம் என்ன.

ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு போனேன். மர்செல் இருந்தான், அக்கா இருந்துச்சு, ரொசாலி என் பின்னாலயே வந்தா, நான் திரும்பி ஓடிடுவேன்னு. ‘அண்ணே, அந்தத் தொப்பிய இன்னொரு தடவை குடுங்க’ன்னேன். கொண்டாந்து போட்டாரு. ஆமா, போட்டாரு, விளிம்பு கீழ படற மாதிரி. எடுத்து, கண்ணாடி போட்டு, அப்படி இப்படிப் பாத்து, ‘அடடா, தப்புப் பண்ணிட்டேண்ணே. நம்ம ஊரு உப்புக் காத்துல பட்டை அத்துப் போயிருக்கு, யாரோ பின்னால புதுப் பட்டை போட்டிருக்காங்க. நான் கவனிக்கல’ன்னேன்.

அண்ணன் கண்ணாடிய ஏத்தினாரு. எத்தன வருஷம் என் பக்கத்துல உக்காந்து பாத்தவரு, சும்மா விடுவாரா? ‘உள் துணியும் மாத்தினதா?’ன்னாரு.

‘ஆமாண்ணே. பட்டைய மாத்தறப்போ அதையும் மாத்தியிருக்கான்.’

‘பிளாஸ்டிக்கு?’

‘அதுவுந்தான்.’

‘விளிம்பு ரெண்டு விரல்தானே இருக்கு. அம்பதுல மூணு விரல் இருக்கும்பியே?’

‘வெட்டியிருக்காங்கண்ணே. பூச்சி அரிச்சிருக்கும்.’

‘ரிப்பன்?’

‘ரிப்பனும் புதுசுதான்.’

அவரு தொப்பிய வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. ‘அப்ப எங்க பப்பாவோடது என்னதான்டா மிச்சம்?’

‘ஃபெல்ட்டு அண்ணே’ன்னேன்.

என்னைப் பாத்தாரு. அப்பறம் லெயோனி அக்காவப் பாத்தாரு. அக்கா செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சாரு தம்பி. சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி கொட்டுது. என் தோளப் புடிச்சுக்கிட்டு, ‘போதும்டா சவரி, ஃபெல்ட்டு போதும்’னாரு. அப்படியே எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலேர்ந்து பப்பா போட்டோவ எடுத்துத் தன் வேட்டியாலயே தொடைச்சு மாட்டினாரு. நம்பிட்டாருங்க. பாவம், வெள்ளந்தி. இத்தன வருஷம் என்கூட உக்காந்தும் தொப்பியப் பத்தி ஒண்ணும் ஏறல பாருங்க.

கல்யாணம் மாதா பண்டிகை கழிச்சு ஜாம் ஜாம்னு நடந்துச்சு. நாற்காலியும் போட்டாங்க. நான் கையக் கட்டிக்கிட்டு எட்டவே நின்னேன். எனக்கு வந்த கெட்ட பேருதான் போகல. சந்தைக்குப் போனா, ‘என்ன சவரி அண்ணே, ரிப்பன்லேர்ந்து பட்டை வரைக்கும் புதுசா இருந்தும் கண்டுபிடிக்கத் தெரியலியாமே’ங்கறானுங்க. எதுவார் அண்ணனே போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாரு. நான் சொன்னதுதான்யா சரின்னு கத்தணும் போல இருக்கும். எங்க கத்தறது? அதான் இப்படி பஸ்ல, ரயில்ல, ஊரு பேரு தெரியாதவங்ககிட்ட. நீங்க பாண்டி இல்லல்ல? முன்னமே கேட்டிருக்கணும். செங்கல்பட்டா? அப்ப சரி.

இன்னும் முடியல, இருங்க. நேத்து கல்லறைத் திருநாள். எல்லாரும் உப்பளம் கல்லறைக்குப் போனோம், இப்ப ஒரே குடும்பம் ஆச்சே. அங்க அவங்க அம்மா கல்லறை இருக்கு. பக்கத்துலயே பப்பா பேருக்கு ஒரு கல்லு, உள்ள யாரும் கெடையாது. வருஷா வருஷம் தொப்பியக் கொண்டாந்து அந்தக் கல்லு மேல வச்சு, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏத்துவாங்களாம். நேத்து எதுவார் அண்ணன் என்ன பண்ணாரு தெரியுமா? தொப்பியக் கொண்டுபோய் அம்மா சிலுவை மேல மாட்டிட்டாரு.

‘அண்ணே, மாத்தி வச்சுட்டீங்க’ன்னு நான் எடுத்து பப்பா கல்லு மேல வச்சேன். அவரு எடுத்து மறுபடியும் அம்மா சிலுவையில மாட்டறாரு. ‘அம்மாவுக்கு வெயில் அடிக்குதுடா’ங்கறாரு. வயசு ஆச்சுல்ல, தடுமாறறாருன்னு நெனச்சு நான் மறுபடியும் எடுத்தேன். சுத்தி ஊரே நிக்குது, தப்பா வச்சா திருத்த வேணாமா?

அப்பத்தான் லெயோனி அக்கா கத்துச்சு. சத்தியத்த எல்லாம் மறந்து, அத்தன ஜனம் நடுவுல கத்துச்சு. ‘டேய் சவரி, வைடா அத! அது எங்கம்மா தொப்பிடா!’

இத்தன பாடுபட்டு மூடி வச்சதப் போட்டு உடைச்சிருச்சே! அண்ணன் காதுல விழுந்திருக்குமேன்னு திரும்பிப் பாக்கறேன். அவரு பாட்டுக்குக் குனிஞ்சு, காத்துக்குக் கைய அணைவா வச்சு, அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருக்காரு. மொகத்துல ஒரு மாத்தமும் இல்ல. சிரிச்ச மாதிரிதான் இருக்கு. ஏத்தி முடிச்சுட்டு, அக்கா கையப் புடிச்சு மெல்லப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாரு. அது விக்கி விக்கி அழுவுது, இவரு முதுகத் தடவிக் குடுக்கறாரு. ஏன் அழுவறேன்னு ஒரு வார்த்தை கேக்கலியே!

கடவுள் காப்பாத்தினாரு தம்பி. அவரு காதுல விழவே இல்ல. நாலடி தூரம்கூட இல்ல, ஆனா விழல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. நல்லா இருந்த மனுஷன், காது சுத்தமாப் போயிருக்கு, வீட்டுல ஒருத்தரும் கவனிக்கல. இதெல்லாம் நான்தான் பாக்கணும். வர்ற திங்கக்கெழமைக்குக் காது டாக்டர்கிட்ட டோக்கன் சொல்லி வச்சிருக்கேன். அவருகிட்ட இன்னும் சொல்லல. பக்குவமாச் சொல்லணும்.